விடுபட்ட இரண்டு புள்ளிகள்

நாகல் நகர், திண்டுக்கல்
14.7.2024

அன்பு மகள் ஏஞ்சலினுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம், நியூசிலாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் கேட்க வாய் வராததால் எழுதுகிறேன். நீ புதுக் கோள் கண்டுபிடித்ததற்கு மாதா திருநாளன்று கோயில் வாசலில் ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும் என்று உன் மாமா இனிகோ ஒற்றைக்காலில் நிற்கிறான். அம்புட்டு தூரத்துல கோளைக் கண்ட பிள்ளைக்கு ஒரு ஃப்ளெக்ஸ்கூட இல்லையா அத்தான், மந்திரி வீட்டுக் காதுகுத்துக்கே நாலு வைக்கிறான் என்கிறான். வாசகத்தைத் திருத்த வேண்டும் என்று சொல்லித் தள்ளிப்போடுகிறேன், உண்மைக் காரணம் வேறு.

எனக்கு விளங்கிய வரை, ஒரு விண்மீனுக்கு முன்னால் இன்னொன்று கடக்கும்போது அதன் ஈர்ப்பு பின்னதன் ஒளியை வளைத்துக் குவிப்பதால் ஒளி மெல்ல ஏறி இறங்குகிறது, கடக்கும் விண்மீனுக்குக் கோள் ஒன்று இருந்தால் அந்த வளைகோட்டில் சின்ன மேடு தெரியும். அந்த இரண்டும் மறுபடி அப்படி நேர்கோட்டில் வராது, ஆகவே அன்று ஒளியை அளந்து குறித்த புள்ளிகள்தாம் ஒரே சாட்சி. ஈஸ்டருக்கு நீ அனுப்பிய படத்தில் அந்த மேட்டில் பதினொரு புள்ளிகள், போன வாரப் படத்தில் ஒன்பது. மேட்டோடு சேராமல் கீழே தொங்கிய இரண்டையும் காணோம். என் கண்புரையைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். இரண்டு படங்களையும் வரைபடத்தாளில் ஒரே அளவில் வரைந்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து நான்கு முறை எண்ணினேன். அம்மாவையும் எண்ணச் சொன்னேன். ரெண்டு குறையுதுதான், அதுக்காகப் பெத்த பிள்ளையவே உளவு பாக்குறீகளா என்று ஏசினாள்.

பிளஸ் ஒன்னில் என் வகுப்பில்தான் நீ ஊசல் சோதனை செய்தாய். ஒரே ஒரு அளவீடு ஒத்துவரவில்லை. ரெக்கார்டு நோட்டைப் பார்க்க வெளிப்பள்ளி ஆசிரியர் வருவாரே என்று பயந்து, அதை அழித்துவிட்டு புவியீர்ப்பு மதிப்பு ஒன்பது புள்ளி எட்டு வருகிற மாதிரி எழுதச் சொன்னேன். ஏன் என்று கேட்டாய், எல்லாரும் அப்படித்தான் என்றேன். முப்பது வருடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதையே சொன்னேன். அதனால் என் சந்தேகம் உன்மேல் பாதி, என்மேல் பாதி.

மேகம் மறைத்தது, கருவி பிசகியது என்று காரணம் இருந்தால் எழுது, கிழவன் புத்தி என்று மன்னித்துவிடு. காரணம் இல்லையென்றால் கட்டுரை அனுப்புமுன் அந்த இரண்டையும் இருந்த இடத்தில் வைத்து, உன் பேராசிரியரிடமும் சொல்லிவிடு. கோள் போனால் போகட்டும் அம்மா. உனக்கு அழிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான், அவரிடம் அதையும் சொல்லலாம், எனக்கு வெட்கமில்லை.

வேளைக்குச் சாப்பிடு. உன் நெற்றியில் சிலுவை இட்டு ஆசீர்வதிக்கிறேன். அந்த இரண்டு புள்ளிகளும் எந்தத் தேதிக்கு உரியவை என்று எழுத மறக்காதே.

உன் அப்பா,
ம. ஞானதாஸ்