பிரிண்டருக்குக் காவல்

12-8-1998, புதன், இரவு

நினைக்க நினைக்க அருவருப்பாக இருக்கிறது.

மில் ஆபீசில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒயர் இழுத்து, ஹாலில் ஒரே பிரிண்டர் வைத்திருக்கிறார்கள். மானேஜர் தன் அறைக்குள் ரகசியமாக அடிப்பதும் அங்கேதான் வந்து விழும். கிளார்க்குகள் பார்த்துவிடாமல் எடுத்து வர என்னை நிறுத்தியிருந்தார். எழுத்தறியாத கிழவன் என்பதுதான் என் தகுதி. நான் இரவு வகுப்புக்குப் போவதும் இப்படி டைரி எழுதிப் பழகுவதும் அவருக்குத் தெரியாது.

இன்று வந்த தாளை எழுத்துக் கூட்டி முழுதும் படித்துவிட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு நொடிதான். மில்லில் வேலை பார்க்கும் பேச்சியம்மாள் கைநாட்டு வைப்பதற்காக அடித்த தாள் அது. வீட்டில் வழுக்கி விழுந்து கை ஒடிந்ததாம். மிஷினில் அவள் கை மாட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். நஷ்டஈட்டை ஏய்க்க இப்படி ஒரு பொய்.

"வீட்டுலயாய்யா விழுந்தா?" என்று மானேஜரிடம் கேட்டுவிட்டேன்.

"யாரு உமக்குப் படிச்சுக் காட்டுனது?"

"நாந்தாய்யா படிச்சேன்."

பொய்க்கு அவர் வெட்கப்படவில்லை. நான் படித்ததற்குத்தான் கோபம். "நீரு இனிமே பிரிண்டர் பக்கமே வரக்கூடாது. தோட்டக்கார மாடசாமி நிக்கட்டும். அவனுக்கு ஒரெழுத்தும் தெரியாது."

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். "ஏட்டி, எந்தத் தாளு வந்தாலும் கைநாட்டு வச்சிராத" என்று பேச்சியம்மாளிடம் சொல்லிவிட்டேன்.

திரும்பியதும் மாடசாமி வீட்டுக்குப் போனேன்.

"ஏலே, நாளைக்கு எங்கூட வகுப்புக்கு வா."

"இந்த வயசுலயாண்ணே?"

"என்னயவிட நீ கிழவனாலே?"

சிரித்தான். வாரேன் என்றிருக்கிறான். என் சிலேட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன்.