மேனேஜர் முன்னிலையில் சாப்பாடு

மார்ச் 3, செவ்வாய்

விழுங்குவது எப்படி? மாலை முழுக்க யோசித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்த்தேன். நாக்கு ஏதோ செய்கிறது, தொண்டை ஏதோ செய்கிறது, தண்ணீர் போய்விடுகிறது. பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்துகிறவள். ஒரு மடக்குத் தண்ணீரை விளக்க வரவில்லை. இதைப் போய் ஒரு வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

விடுப்பு எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு நேற்று வந்தேன். அவள் மகளுக்குப் பிறந்ததிலிருந்து மூக்குக் குழாய் வழியாகத்தான் பால். இதயத்தில் இருந்த கோளாறை அறுவை செய்து சரியாக்கியாகிவிட்டது. விழுங்கத் தடை ஏதுமில்லை, மெத்தென்றதைக் கொடுக்கலாம் என்று சோதித்தும் சொல்லிவிட்டார்கள். ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். மாதக் கடைசியில் மருத்துவர் பார்க்கிறார். அதற்குள் வாயால் சாப்பிடத் தொடங்காவிட்டால் வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைக்க நாள் குறிப்பார். அந்தப் பேச்சு வந்தாலே தங்கை எழுந்து போய்விடுகிறாள்.

குழந்தைக்கு வீட்டில் பெயர் மேனேஜர். உயர நாற்காலியில், கன்னத்தில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்து, ஒருத்தர் வேலையும் சரியில்லை என்பதுபோல எங்களைப் பார்ப்பதால்.

மார்ச் 5, வியாழன்

ஸ்பூன் அரை முழம் தள்ளி இருக்கும்போதே உதட்டை உள்ளே மடித்துக்கொள்கிறாள். தங்கை கணவர் ஸ்பூனை விமானமாக்கினார், ரயிலாக்கினார், கடைசியில் தாமே குரங்கானார். மேனேஜர் அசையவில்லை. தற்செயலாக ஒரு சொட்டு உள்ளே போய்விட்டது. வீடே கைதட்டியது. நானும்தான். குழந்தை திடுக்கிட்டு அழுது, குழாய் வழியே போயிருந்த பாலையும் கக்கியது.

வெளியே சொல்ல மாட்டேன். எனக்கு அவள்மேல் ஒரு மரியாதை வந்தது. பிறந்த நாளிலிருந்து யார் யாரோ மூக்கிலும் தொண்டையிலும் எதையெதையோ செருகியிருக்கிறார்கள். இந்த ஒரு கதவுக்கு மட்டும் அவளே காவல்.

மார்ச் 6, வெள்ளி

சாப்பிடப் பழக்கும் பயிற்சியாளர் வந்தார். இளம்பெண், நிறைய பேசுகிறார். நான் நம்பிக்கையில்லாமல்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் குழந்தையோடு தரையில் விளையாடிவிட்டு, போகிற போக்கில் கேட்டார்.

“நீங்கள்லாம் எங்க உக்காந்து சாப்பிடுவீங்க?”

தங்கை, “கிச்சன்ல. நின்னுகிட்டே” என்றாள்.

“எல்லாருமா?”

“கதவைச் சாத்திட்டு. அவளால முடியாததை அவ முன்னாடி எப்படி மேடம் சாப்பிடறது? மனசு வரலை.”

“அப்போ சாப்பாடுன்னா என்னன்னு அவளுக்கு யார் காட்டினது?”

யாரும் சொல்லாமலே நானும் வந்த நாளிலிருந்து காபியைக் கிச்சன் தொட்டி பக்கம் நின்றுதானே குடிக்கிறேன்? இத்தனை பரிவும் சேர்ந்து, மனிதர்கள் மெல்லுவார்கள் என்ற செய்தியையே அவளிடமிருந்து மறைத்துவிட்டது.

மருத்துவரோடு பேசிப் பகல் பாலைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், பசி என்றால் என்னவென்று தெரியட்டும் என்றார். அவள் முன்னால் சாப்பிட வேண்டும். அவள் தட்டிலும் கொஞ்சம் வைக்க வேண்டும். ஊட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது, கைதட்டக் கூடாது. முக்கியமாக, உற்றுப் பார்க்கக் கூடாது.

மார்ச் 9, திங்கள்

மேஜையைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டாயிற்று. தங்கை கணவர், “ஆஹா, ஆஹா” என்று வெறும் உருளைக்கிழங்கை விருந்து மாதிரி சாப்பிட்டார்.

“போதும், நாடகம் போடாதீங்க. அவளுக்கே சிரிப்பு வருது” என்றாள் தங்கை. அவளுக்கோ ஒரு வாய் இறங்கவில்லை. கண் குழந்தையிடமே ஓடுகிறது. நான் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு என் பாட்டுக்குச் சாப்பிட்டேன்.

“உன்னை மாதிரி கல்லா இருக்க எனக்கு வராதுக்கா.”

“பழகினா வரும். எனக்கு அம்பது வருஷம் ஆச்சு.”

“நாப்பத்தொம்பது” என்றாள். அப்போதுதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு வாய் சாப்பிட்டும் விட்டாள்.

மார்ச் 14, சனி

மசித்த உருளைக்கிழங்கு முழங்கை வரை போனது, தலைக்குப் போனது, என் கண்ணாடிக்குப் போனது. வாய்க்குப் போகவில்லை.

மார்ச் 19, வியாழன்

எடை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இவ்வளவு இறங்கலாம் என்று மருத்துவர் முன்பே சொன்னதுதான். தங்கை கணவர் எடைச் சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். “பாலைப் பழையபடி கூட்டிடலாமே” என்கிறார். தங்கை, “இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்” என்றாள். சத்தமே இல்லாத குரல்.

மாலையில் மேனேஜர் குழாயை உருவி எறிந்துவிட்டாள். தங்கை கை கழுவி வந்து, அளந்து, புதுக் குழாயை மூக்கில் விட்டாள். குழந்தை கதறுகிறது, இவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடியே இறக்கி, இடம் சரிதானா என்று சோதித்து, ஒட்டி, முத்தம் கொடுத்து என்னிடம் தந்தாள். பிறகு குளியலறைக்குப் போனாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

சின்ன வயதில் முழங்கால் சிராய்ப்பைப் பார்த்தே மயங்கி விழுந்தவள். இந்தக் கை எங்கிருந்து வந்தது? என்னால் முடியுமா? முடியாது. கல்லாம், நானாம்!

ஒன்று எழுத விட்டுப்போனது: விரலில் ஒட்டிய காரட்டை இன்று மேனேஜர் நக்கினாள். நான் பார்க்கவில்லை. அதாவது, பார்த்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

நாளை மருத்துவமனை. இதுவரை நக்கினாள், தடவினாள், துப்பினாள். விழுங்கினாள் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நாள் குறித்துவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

தங்கை துணி மடித்துக்கொண்டே தானாகவே அந்தப் பேச்சை எடுத்தாள். “வயித்துல வெக்கணும்னா வெக்கட்டும்க்கா. அதுவும் அவ நல்லதுக்குத்தான். அவ தோத்துட்டான்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது.”

“யாரு சொல்லுவா?”

“நான்தான் சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு.”

மடித்த துணியை வாங்கி அடுக்கினேன்.

மார்ச் 25, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்களைக் கூப்பிடத் தாமதமாயிற்று. காலைப் பதற்றத்தில் யாரும் சாப்பிடவில்லை. தங்கை கேன்டீனில் ரொட்டியும் பாலும் வாங்கிவந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, பசியோடு தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டாள். கார் எந்தத் தளத்தில் நிற்கிறது என்பது தங்கை கணவருக்கு நினைவில்லை. சண்டை அதைப் பற்றி.

“ரெண்டாவது மாடி.”

“மூணாவது. லிஃப்ட்ல நான்தான அமுக்கினேன்?”

மேனேஜர் என் மடியிலிருந்து எட்டித் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்தாள். பாலில் ஊறிய ரொட்டி அவள் வாய்க்கு வந்தது. சப்பினாள். தொண்டை ஏறி இறங்கியது. வாயைத் திறந்தாள் – மறுபடியும்!

தங்கை கையை அங்கேயே வைத்திருந்தாள். முகம் கணவர் பக்கம். “மூணாவதுதான்னு சொல்றேன்ல” என்றாள். கன்னத்தில் கண்ணீர் இறங்குகிறது, குரலில் பிசிறில்லை. அவருக்கும் புரிந்துவிட்டது. “ரெண்டுதான், பந்தயம் கட்டு” என்றார், கூரையைப் பார்த்துக்கொண்டு. ரொட்டியின் வெள்ளைப் பகுதி பாதிக்கு மேல் தீரும்வரை அந்தச் சண்டையை இருவரும் விடவில்லை. இவ்வளவு அழகாக யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

மருத்துவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக் குழாய் இருக்கட்டும், அறுவைக்கு இப்போது நாள் குறிக்க வேண்டாம், இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்.

கார் முதல் மாடியில் இருந்தது.