பள்ளிக்கூடச் சுவரில் ஷாதி

ஷாதியின் அப்பாவுக்கு இனாஸ் எழுதுவது. அல்லாஹ் உங்கள் நெஞ்சுக்குத் தெம்பைத் தரட்டும்.

பக்கத்து வீட்டு வஹீப் இன்றிரவு குவைத்துக்குத் திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்ல எனக்கு நா எழவில்லை. உட்கார்ந்து படியுங்கள்.

கால்பந்து மைதானத்தில் கலவரம் நடந்த அன்று போலீஸ் பிடித்துப்போனவர்களில் நம் பிள்ளையும் இருக்கிறான் என்று சொல்லியிருந்தேன். வியாழன்தோறும் காவல் நிலையத்துக்குத் திராட்சை இலையில் சோறு பொதிந்து கொண்டுபோவேன். அவனைப் பார்க்க விடமாட்டார்கள். "உள்ள நல்லாத்தான் இருக்கான், போம்மா" என்பார் வாசல் காவலர். முந்தின வாரத்துத் தூக்குச்சட்டி காலியாகத் திரும்பி வரும். பிள்ளை வயிறாரச் சாப்பிடுகிறான் என்று சந்தோஷமாக வீடு திரும்புவேன்.

நேற்று டிராமை விட்டு இறங்கினேன். எதிரே பள்ளிக்கூடச் சுவரில் ஷாதியின் முகம். அதே சிரிப்பு, கழுத்தில் அணியின் பச்சைத் துண்டு. தோள் இரண்டிலும் இறக்கை. செத்துப்போனவர்களுக்குத்தான் இந்த மைதானத்துப் பையன்கள் இறக்கை வரைவார்கள் என்று அலெக்சாண்டிரியாவில் யாருக்குத் தெரியாது?

வரைந்துகொண்டிருந்தவன் பீஷோய், மைதானத்தில் ஷாதியோடு மேளம் அடிப்பவன். அவனையும் பிடித்துவைத்திருந்து முந்தாநாள்தான் விட்டார்களாம். சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "உயிரோட இருக்கிறவனுக்கு எதுக்குடா இறக்கை? அழிடா" என்றேன். ஈரம் காயாத படத்தை என் முக்காட்டாலேயே துடைத்தேன். ஒரு பக்கத்து இறக்கை கலைந்துபோனது. அவன் தடுக்கவில்லை.

"அம்மா, உங்ககிட்ட யாரும் சொல்லலையா? பிடிச்ச அன்னைக்கே அடிச்சுட்டாங்கம்மா. என் மடியிலதான் உயிரு..." என்றான்.

அப்படியானால் அந்தச் சோற்றையெல்லாம் யார் தின்றார்கள்?

அப்படியே காவல் நிலையத்துக்குப் போனேன். என் பிள்ளை எங்கே என்று கேட்டேன். வாசல் காவலர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுவி வைத்திருந்த சட்டியை எடுத்து நீட்டினார். "இனிமே கொண்டுவராதம்மா" என்றார். உடல் எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

இன்று காலை சுவருக்கு வெள்ளையடிக்க நகராட்சி ஆட்கள் வந்தார்கள். நான் படத்தின் மேல் சாய்ந்து நின்றுகொண்டேன். "நகருங்கம்மா, மேலேர்ந்து உத்தரவு" என்றார்கள். டிராமில் போனவர்கள் இறங்கி வந்து என்னோடு நின்றார்கள். மறுபடி வருவோம் என்று சொல்லிப் போயிருக்கிறார்கள்.

கலைந்த இறக்கையைத் திரும்ப வரையட்டுமா என்று பீஷோய் கேட்கிறான். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

முதலாளியின் காலைப் பிடித்தாவது விடுப்பு வாங்குங்கள். நமக்குப் போய் நிற்க ஒரு கப்ருக்குழி இல்லை, அந்தச் சுவர்தான் இருக்கிறது. அவர்கள் வெள்ளையடிப்பதற்குள் வந்துவிடுங்கள்.

உங்கள்
இனாஸ்