மூன்று கோட்டை ஊர்கள்

முள்ளிப்பட்டு,
31.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சங்கரி எழுதுவது. ஓசூர் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? ஆயுத பூஜைக்கு வந்தபோது என் போனை நீங்கள் எடுத்துப்போய்விட்டதால் தபாலில் எழுதுகிறேன். போனைக் கேட்கவில்லை, கோபிக்காதீர்கள். கைக்கட்டு அவிழ்த்தாகிவிட்டது. டாக்டரிடம் தறிக்குழியில் வழுக்கி விழுந்ததாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

மழை பிடித்துக்கொண்டது. குழியில் முழங்கால் அளவு தண்ணீர் ஊறி, தறி நின்றுவிட்டது. கார்த்திகை முடியும்வரை வேலை இல்லை. இந்த ஒரு தடவை நான் தனியாக ஊர் பார்த்துவிட்டு வரட்டுமா? பள்ளிக்கூடத்தில் படித்த கோட்டை ஊர்கள்தான்: பீதர், பிஜாப்பூர், தௌலதாபாத். பத்தே நாள். எந்த ஊருக்கு முதலில் போகலாம், நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் சங்கரி

ஓசூர்,
7.11.2025

என் சங்கரிக்கு,

கடிதம் பார்த்துச் சிரித்தேன். ஆரணியிலேயே கோட்டை இருக்கிறது, வேலூரில் அதைவிடப் பெரிசு. பீதர் எதற்கு? அடித்துவிடு.

நீ வந்தவாசிக்குப் பஸ் ஏறினாலே எனக்கு இருப்புக்கொள்ளாது. செவ்வாய்க்கிழமை நீலப் பையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றாயாமே? எதிர்வீட்டு சுப்பன் போன் பண்ணினான். "அண்ணி யாருக்கோ காத்துகினு இருந்தாங்கண்ணா" என்றான். அக்கறையில் சொல்கிறான், அவனை முறைக்காதே.

குழியைப் பலகை போட்டு மூடு. தண்ணீர் நிற்கிற குழி பொல்லாதது. தனியாக இருக்கிறவள் விழுந்தால் யாருக்குத் தெரியும்?

என்றும் உன் லோகநாதன்

முள்ளிப்பட்டு,
13.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

தேவிகாபுரம் கோயிலுக்குத்தான் போனேன். பையில் தேங்காயும் பூவும் இருந்தன.

பீதரை அடித்துவிட்டேன். பிஜாப்பூரில் பெரிய குவிமாடம் ஒன்று இருக்கிறது. இந்தச் சுவரோரம் கிசுகிசுத்தால் எதிர்ச்சுவரில் கேட்குமாம். நம் தெரு மாதிரிதான். அதுவும் வேண்டாமென்றால் தௌலதாபாத்தாவது போகிறேனே. மலைக்கோட்டைக்கு நடுவே இருட்டுச் சுரங்கம். அந்தக் காலத்தில் எதிரிகள் அதில் வழி தெரியாமல் சிக்கிக்கொள்வார்களாம்.

யோசித்துச் சொல்லுங்கள். தீபம் வரைக்கும் அவசரம் இல்லை.

உங்கள் சங்கரி

ஓசூர்,
20.11.2025

என் சங்கரிக்கு,

கிசுகிசு ஊர் வேண்டாம். தௌலதாபாத்துக்கே போவோம். ஆமாம், போவோம். உன்னைத் தனியே அனுப்பினால் நான் என்ன புருஷன்? இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று.

அந்தச் சுரங்கத்தைப் பற்றி நானும் விசாரித்தேன். வௌவால்தான் அதிகம், காலையில் ஆள் நடமாட்டம் இருக்காதாம். மனம்விட்டுப் பேச அதுதான் தோது. போன தடவை பேச ஆரம்பித்ததுமே நீ கத்தித் தெருவைக் கூட்டிவிட்டாய்.

தீபத்தன்று சாயந்திரம் வருகிறேன். யாரிடமும் சொல்லாதே, உன் அம்மாவிடம்கூட.

என்றும் உன் லோகநாதன்

முள்ளிப்பட்டு,
3.12.2025, காலை

லோகநாதன் அவர்களுக்கு,

இதைத் தறிப்பலகையில் வைத்துவிட்டுப் போகிறேன்.

சுப்பனைத் திட்டாதீர்கள். தறிச்சத்தம் நின்றால் உடனே எட்டிப் பார்க்கும்படி அவரிடம் சொல்லிவைத்திருந்தீர்கள். ஒன்பது வருஷம் அதற்குப் பயந்தே நெய்தேன். மழையில் தறி நின்றால் மட்டும் இந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இன்றைக்குத் திருவண்ணாமலை போகிற கூட்டத்தில் யாரை யார் அடையாளம் பார்ப்பது?

வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு ஏதாவது ஒன்று வேண்டும். அதற்காகத்தான் மூன்று ஊர் கொடுத்தேன். நீங்கள் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்த இந்த ஒரு மாதத்தில் என் துணிமணி, சான்றிதழ், எக்ஸ்ரே எல்லாம் நீலப் பையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்விட்டன. அந்த ஊர்களைப் பார்க்க ஆசைதான், அது பொய்யில்லை. ஆனால் நான் போகிற ஊர் அந்தப் பட்டியலில் இல்லை.

பயமாகத்தான் இருக்கிறது. உங்கள் சுரங்கத்தை நினைத்துக்கொண்டால் கால் தானாக நடக்கிறது.

குழியை மூடவில்லை. தண்ணீர் அப்படியே நிற்கிறது. பார்த்து நடங்கள், வீட்டில் நீங்கள் தனி.

சிவசங்கரி