சந்தனம் ஒட்டிய பொத்தான்

ஜார்ஜ் டவுன்,
பினாங்கு.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மங்களத்துக்கு,

இங்கே நான் நலம். முட்டி வலி மழை நாளில் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. அங்கே நீயும் தனுஜாவும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள். பேத்திக்குப் பல் முளைத்திருப்பதைப் போட்டோவில் பார்த்தேன். வீடியோவில் என்னைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பழகாத முகம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். நான் பேசுவதைப் பெர்த் நகரமே கேட்கிறது. போன வாரம், தனுஜா வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, விசாவை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கட்டுமா என்று கேட்டாய். பக்கத்தில் மாப்பிள்ளை இருமியது கேட்டது. "உன் இஷ்டம்" என்றேன். நீயும் சரி என்று வைத்துவிட்டாய். மாதக் கடைசிக்குள் மனுப் போட வேண்டும் என்றாயே, அதற்கு முன் உன் கைக்குக் கிடைக்கட்டும் என்று இதைக் கூரியரில் அனுப்புகிறேன். எழுத்து கோழி கிறுக்கியது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

விசா விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு வீட்டுச் செய்தி சொல்ல வேண்டும். தனுஜா பள்ளியில் படிவம் நான்கு படிக்கும்போது வாங்கினோமே, அந்தப் பழைய கம்ப்யூட்டர். ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில்கூட அந்தக் குப்பையைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதைச் சரி செய்துவிட்டேன். சிரிக்காதே.

எல்லாம் உன் சமையல் பாடத்தால் வந்த வேலை. நீ வாய்ஸ் மெசேஜில் ரசம் சொல்கிறாய், மீன் கறி சொல்கிறாய், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கையெல்லாம் புளியாக இருக்கும் நேரம் பார்த்துப் போன் அணைந்துவிடுகிறது. துடைத்துவிட்டுத் திறந்தால் நீ முதலிலிருந்து ஆரம்பிக்கிறாய். இரண்டு முறை கடுகு கருகிவிட்டது. கம்ப்யூட்டரைச் சமையலறையில் வைத்து, உன் பேச்சையெல்லாம் அதில் ஏற்றிவிட்டால் கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டினால் போதுமே என்று தோன்றியது.

ஆனால் பெட்டி எழுந்தால்தானே. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், காற்றாடி சுற்றும், நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவதற்குள் அணைந்துவிடும். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஆயுசு முழுக்க சர்க்யூட் போர்டுகளில் பழுது கண்டுபிடித்தவன் நான். என்னிடமே அது விளையாடியது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

மூடியைத் திறந்தால் உள்ளே உன் வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை அத்தனையும் படிந்து, காற்றாடி வாணலி அடி மாதிரி இருந்தது. பெயிண்ட் பிரஷ் வைத்துச் சுத்தம் செய்தேன். மெமரியைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். போர்டில் இருந்த பொத்தான் பேட்டரியையும் மாற்றினேன். அப்போதும் அதே கதை. என்னோடு ஃபேக்டரியில் இருந்த காஜா மொய்தீன் தன் வீட்டிலிருந்து வேறு பவர் சப்ளை கொண்டுவந்து மாட்டிப் பார்த்தான். ஊஹூம். இருவருமாகத் தூக்கிக்கொண்டு கொம்தார் கட்டடத்துக் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போனோம். அங்கே ஒரு கடைப் பையன் திறந்துகூடப் பார்க்காமல், மதர்போர்ட் போய்விட்டது அங்கிள், புதுசு வாங்குங்கள் என்றான். திரும்பும் வழியில் வயிற்றெரிச்சலுக்கு ஆளுக்கொரு செண்டோல் குடித்தோம். சீனி குறைவாகப் போடச் சொல்லித்தான் குடித்தேன், சத்தம் போடாதே.

மறுநாள் கடைசி முயற்சியாக, முன்பக்கப் பொத்தானிலிருந்து போர்டுக்கு வரும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அது மாட்டியிருந்த இரண்டு முள்ளையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் தொட்டு எடுத்தேன். பெட்டி எழுந்தது. எழுந்து நின்றது. அணையவே இல்லை. போர்டில் ஒரு கோளாறும் கிடையாது, கோளாறு பொத்தானில். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

காஜா டார்ச் அடித்துப் பார்த்தான். மங்களம், எல்லாம் உன் கைவரிசை. ஆயுத பூஜைக்குக் கார், ஃபிரிட்ஜ், தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பாயே, கம்ப்யூட்டருக்கு நெற்றி எது என்று பார்த்து, வட்டமாக இருக்கிறதே என்று அந்தப் பொத்தானிலேயே வருடா வருடம் வைத்திருக்கிறாய். பன்னீரில் குழைத்த சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, வருடத்துக்கு ஒரு பூச்சாகக் கல்லாகிவிட்டது. அழுத்தினால் உள்ளே போகிற பொத்தான் நூலளவு வெளியே வராமல் நின்றுவிடுகிறது. நான் விரலை எடுத்துவிட்டேன், ஆனால் யாரோ இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் பெட்டி தானே அணைந்துவிடுகிறது. காஜா விழுந்து விழுந்து சிரித்தான். "டேய் புவன், இது வைரஸ் இல்லடா, பக்தி" என்றான்.

சிரித்துவிட்டு ஈரத் துணியை எடுத்துத் துடைக்கப் போனான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மேல் பூச்சில் உன் மோதிர விரல் ரேகை அப்படியே இருக்கிறது. போன ஆயுத பூஜைக்கு நீ வைத்தது. காஜா என் முகத்தைப் பார்த்தான். துணியை வைத்துவிட்டான். "சரி லா, துடைக்க வேணாம். கீழ சின்னதா ரீசெட் பட்டன் சும்மாதானே இருக்கு, ஒயர அதுல மாத்திக் குடு" என்றான். அப்படியே செய்தோம். இப்போது அந்தச் சின்னப் பொத்தானை அழுத்தினால்தான் பெட்டி எழும். பெரியது உன் சந்தனத்தோடு அப்படியே இருக்கிறது.

பழைய விண்டோஸ் நகர மறுத்தது. அதை எடுத்துவிட்டு, காஜா மகன் சொன்ன இலவச லினக்ஸைப் போட்டேன். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்களே, இவ்வளவு வயதாகியும் பெட்டி நன்றாக ஓடுகிறது. ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்து, கீபோர்டுக்குப் பிளாஸ்டிக் சுற்றி, கட்டைகளில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். ஒன்று தட்டினால் ரசம், அடுத்தது மீன் கறி, அதற்கடுத்தது இக்கான் பிலிஸ் சம்பல். தனுஜாவின் பழைய ஸ்பீக்கரில் நீ கணீரென்று பேசுகிறாய். "வெங்காயம் செவந்துச்சா? செவந்திருக்காது, எனக்குத் தெரியும். அவசரப்படாம அடுப்ப சின்னதா வைங்க லா."

இதில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. வியாழக்கிழமை சாயந்தரம் கதவைத் தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு ஹமீதா, கையில் ஒரு தட்டு நிறையக் கூவே பலகாரம். "அக்கா வந்தாச்சாண்ணே? ஒரு வார்த்த சொல்லலையே. சத்தம் கேட்டுச்சு, அதான் ஓடி வந்தேன்" என்றாள். சொல்லிக்கொண்டே குனிந்து வாசலில் உன் செருப்பைத் தேடினாள். அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியைக் காட்டினேன். அது பாட்டுக்குக் கொத்தமல்லியைக் கடைசியாகப் போடச் சொல்லிக்கொண்டிருந்தது. நீ பேசி முடிக்கும்வரை ஹமீதா நின்று கேட்டாள். பிறகு தட்டை என்னிடம் கொடுத்து, "அக்கா வந்ததும் திரும்ப செய்றேன், இத நீங்க சாப்பிடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உன் இஷ்டம் என்று நான் சொன்னது உண்மையில்லை, மங்களம். எனக்கு நீ வேண்டும். தனுஜாவின் கஷ்டமும் எனக்குத் தெரியும், அவளைத் தவிக்கவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் குளிரில் என்னால் இருக்க முடியாது என்று இத்தனை நாள் முரண்டு பிடித்தேன். இப்போது சொல்கிறேன், ஒரு ஸ்வெட்டர் போதும். ஆயுத பூஜைக்கு நீ வீட்டுக்கு வா. உன் கையால் பொட்டு வை. அதன் பிறகு பிள்ளைக்கு நாம் வேண்டுமென்றால், இரண்டு பேருக்குமாக விசா போடு. உனக்கு மட்டும் போடாதே.

தனுஜாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி. பேத்தி நோய் நொடி இல்லாமல் வளர, தண்ணீர்மலை முருகன் துணையிருக்கட்டும். தாத்தா முகத்தை அவளுக்கு அடிக்கடி காட்டு.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
புவனேஸ்வரன்

பி.கு.: நேற்று ரசத்தில் உப்பு கூடிவிட்டது. பெட்டி பக்கத்தில்தான் பேசிக்கொண்டிருந்தது. உப்புப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் பேசாமல் சாப்பிட்டுவிட்டேன்.