மாமியார் நாற்காலியான மாதம்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் அறிவியல் கூடத்து வாசலில் பெரிய திரை ஒன்றை மாட்டிவிட்டார்கள். கூரைக் கேமராக்கள் வருகிறவர்களைப் புள்ளிகளாக்கி அதில் காட்டும். கூட்டம் மொய்க்கிற அறை சிவப்பு, ஆளில்லாத அறை நீலம். என் மின்சார அறை தக்காளியாகச் சிவந்து கிடக்கிறது. பின்னே? மின்னேற்றிய உலோக உருண்டையைத் தொட்டால் முடி நட்டுக்கொண்டு நிற்கும், கத்திக்கொண்டு குதிப்பார்கள். எனக்கு நட்டுக்கொள்ள முடி இல்லை என்பது வேறு விஷயம்.

பக்கத்து அறை என் மனைவியுடையது. நீர்க்கரடி அறை. பாசிக்குள் வாழும், கண்ணுக்குத் தெரியாத எட்டுக்கால் ஜந்து. சக்கரத்தைத் திருப்பித் தேடினால் நுண்ணோக்கி அதைப் பூதாகரமாக்கி வட்டத் திரையில் காட்டும். பொறுமை வேண்டும். அதனால் நீலம், அப்படி ஒரு நீலம்.

சாப்பிடும்போது, "சிவப்பு மனுஷனுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றேன். கரண்டி விழுந்த சத்தம் அடுத்த வீடு வரை கேட்டிருக்கும்.

மார்ச் 5, வியாழன்

இயக்குநர் கூட்டம் போட்டார். மாதக் கடைசியிலும் நீலமாக இருக்கும் அறையை மூடிவிடுவார்களாம். இடம் பக்கத்து அறைக்கு. அதாவது எனக்கு! எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நானும் பல்லைக் காட்டினேன். எதிரே அவள் உட்கார்ந்திருந்தது பிறகுதான் உறைத்தது.

மார்ச் 6, வெள்ளி

வீட்டில் பேச்சு இல்லை. குக்கர் மட்டும் பேசுகிறது.

மார்ச் 8, ஞாயிறு

பேசிவிட்டாள்.

"இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது என் கரடி நடக்கிறதைப் பாத்திருக்கீங்களா?"

"எத்தனையோ தடவை."

"எட்டிப் பாத்திருக்கீங்க. வர்றவங்க எல்லாம் அசையாம நின்னு பாக்கிறாங்க, தெரியுமா?"

"அப்ப ஏன் நீலம்?" — இதை நான் கேட்டிருக்கவே கூடாது.

"அதை அந்தத் திரையைக் கேளுங்க." தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

தேர்தலுக்கு ஆள் பிடிக்கிற மாதிரி சொந்தபந்தங்களை அவள் அறையில் இறக்கினேன். மாமியார், மச்சினி, சகலை.

"என்ன செய்யணும் மாப்பிள்ளை?"

"சும்மா உக்காந்து பாருங்க அத்தை. பேச வேண்டாம்."

"அது எனக்கு வராதே."

வந்தது! கரடி நகர்ந்ததும் வாயைத் திறந்தபடி அப்படியே சிலையாகிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவரை மௌனமாக நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. சகலைகூடக் கைபேசியை மறந்து நின்றான்.

வாசலுக்கு ஓடினேன். அறையில் மூன்று புள்ளிகள். ஒன்று அணைந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் மூன்றாவதும். பதறிப்போய்த் திரும்பி ஓடினேன். மூவரும் உயிரோடுதான் இருந்தார்கள்.

மார்ச் 11, புதன்

திரையை வடிவமைத்த பெண்ணிடம் போனேன். புள்ளிக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

"ரொம்ப நேரம் அசையாததை எல்லாம் சாமான்னு எடுத்துக்கிட்டு அழிச்சிடும் சார். இல்லேன்னா நாற்காலியும் அலமாரியும் கணக்குல வந்துடும்."

"அப்ப என் மாமியார்?"

திரையைத் தட்டிப் பார்த்தாள். "நாற்காலின்னு போட்டிருக்கு." சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். "ஐயோ சார்... அப்ப கவனமா நின்னு பாத்தவங்க எல்லாருமே..."

ஆமாம். ஊன்றிப் பார்த்தவர் எல்லாம் நாற்காலி. என் அறையில் கத்திக்கொண்டு ஓடியவர் எல்லாம் அறிவியல் ஆர்வலர்.

மார்ச் 12, வியாழன்

இயக்குநரிடம் சொன்னோம்.

"போன வாரம்தான் இந்தத் திரைக்கு விருது வாங்கினோம். அதைப் போய்த் திருத்தச் சொல்றீங்களா? வர்றவங்களைத் திருத்துங்க."

மார்ச் 14, சனி

திருத்தினோம். அவள் அறை வாசலில் பலகை: 'பார்க்கும்போது தயவுசெய்து ஆடவும்.' ஆடுகிறார்கள்! ஒரு பேராசிரியர் இடுப்பில் கைவைத்து, முகத்தில் அத்தனை கடமை உணர்ச்சியோடு ஆடினார். அறை ஆரஞ்சு.

"தரை அதிருதுங்க," என்றாள் இவள். "வட்டத் திரையில எல்லாம் கலங்குது. கரடி இருக்கிற இடமே தெரியல."

அறை பிழைக்கும். பார்க்கத்தான் ஒன்றும் இருக்காது. பலகையை அவளே கழற்றிவிட்டாள். திருப்புளியை எடுத்துக்கொடுத்தது நான்.

மார்ச் 18, புதன்

தலையாட்டும் பழைய மின்விசிறிகளைக் கிடங்கிலிருந்து தூக்கிவந்தேன். கரடிக்குக் காற்று ஆகாதென்று இறக்கைகளைக் கழற்றினேன். என் பழைய சட்டைகளை மாட்டி அவள் அறைச் சுவரோரம் நிறுத்தினேன். தொப்பை மட்டும்தான் குறை, மற்றபடி நானேதான். எல்லாம் இப்படியும் அப்படியும் பார்க்கின்றன. திரையில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி! புள்ளிக்காரி வந்தாள், பார்த்தாள், இன்னொரு விசிறியை நகர்த்திவைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 31, செவ்வாய்

கெடு நாள். இயக்குநர் திரைக்கு முன்னால் நின்று பூரித்துப்போனார். "நீர்க்கரடி செக்கச்செவேல்னு இருக்கே! யாரும் வெளியவே வர மாட்டேங்கிறாங்க போல." அறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. திரைதான் இருக்கிறதே. பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க அறைதான் கொஞ்சம் மங்கலா இருக்கு. கவனிங்க" என்றார்.

கவனிக்கிறேன் ஐயா.

ஏப்ரல் 2, வியாழன்

மதியம் என் அறையைப் பூட்டிவிட்டு அவள் அறைக்குப் போனேன். சக்கரத்தை என் கையில் கொடுத்தாள். ரொம்ப நேரம் வெறும் பச்சை. அப்புறம் பாசி ஓரத்தில் கொழுகொழுவென்று ஒன்று — தூக்கக் கலக்கத்தில் செருப்பைத் தேடுகிறவன் மாதிரி ஒவ்வொரு காலாக வைத்து ஏறியது. சறுக்கியது. மறுபடி ஏறியது.

அது மேலே போய்ச் சேருகிற வரை நான் குனிந்தவன் குனிந்தபடியே இருந்தேன்.

அவள் வாசல் வரை போய்த் திரையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நாற்காலியாயிட்டீங்க," என்றாள்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் புள்ளியும் அணைந்திருக்கும். எழுந்துபோய்ப் பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.