உங்களை முகாமையாளர் என்று அச்சடிக்கப் போகிறார்கள்

இந்தக் கொப்பி யார் கையில் அகப்பட்டாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவருக்கும் காட்டாதீர்கள். அப்பாவுக்குக் காட்டாதீர்கள். அத்தைக்குக் காட்டவே காட்டாதீர்கள். இது போன மாதம் இறந்துபோன என் சித்தப்பாவுக்கு நான் எழுதுவது.

சித்தப்பா, இன்று பள்ளி விட்டதும் பூங்காவில் மழைக்குள் பந்து விளையாடினேன். வீட்டுக்கு வந்து காலுறைகளைக் குளிர்த் தண்ணீரில் ஊறப்போட்டபோது சேறும் புல்லும் கலந்த மணம் எழும்பியது. உங்கள் கம்பளி ஜம்பரில் இருந்த அதே மணம். குளியலறைத் தரையில் அப்படியே இருந்துவிட்டேன். அம்மா வெளியில் நின்று, "என்ன பிள்ளை, குளிக்கிறியோ, சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறியோ?" என்று கேட்டார். அழுகிறேன் என்று சொல்லவில்லை. அதுவும் முழு அழுகை இல்லை, பாதி கோபம்.

உங்கள் முப்பத்தோராம் நாளை ஆக்களின் வசதிக்காக ஞாயிற்றுக்கிழமை வைக்கிறார்கள். மண்டபத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கல்வெட்டு என்று நினைவுப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான்: அட்டையில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி. இந்த வீட்டில் கொம்பியூட்டரில் தமிழ் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால், அப்பா சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன். பிறந்தது, படித்தது, ஜேர்மனிக்குப் போனது எல்லாம் சரியாகத்தான் வந்தது. பிறகு அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "ஸ்கொட்லாந்தின் பிரபல உதைபந்தாட்டக் கழகமொன்றின் முகாமையாளராகப் பதினோரு வருடங்கள் கடமையாற்றி..."

என் கை நின்றுவிட்டது.

"அப்பா, சித்தப்பா அங்க உடுப்பெல்லோ தோய்ச்சவர்?"

"நீ சொன்னதை அடி."

"கழகத்தின்ர முகாமையாளர் எண்டால் மனேஜர், அணியை நடத்திறவர். இந்த வருசம் அவை கடைசி இடம். அப்ப சித்தப்பாவாலதான் தோத்தவை எண்டெல்லோ ஆக்கள் நினைப்பினம்?"

இதைக் கேட்டால் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள். அப்பா சிரிக்கவில்லை. அத்தைதான் சோபாவில் இருந்து எழும்பி வந்தார். "ஊரான்ர ஊத்தை உடுப்புத் தோய்ச்சவன் எண்டு புத்தகத்தில போட்டால், நாளைக்கு ஆரடி உன்னைக் கலியாணம் பேசி வருவினம்?"

"அம்மாவும் எங்கட உடுப்புத் தோய்க்கிறாதானே, அத்தை?"

"அது வீட்டு வேலை. இது அந்த ஆக்களின்ர வேலை."

"எந்த ஆக்கள்?"

அப்பா குறுக்கிட்டு, "இதைப் பற்றி இன்னொரு சொல் வெளியில வந்தால் உன்ர போனும் இல்லை, பந்தும் இல்லை" என்றார். எந்த ஆட்கள் என்று எனக்கும் தெரியும், சித்தப்பா. லண்டனில் பிறந்தாலும் இந்த வீட்டில்தானே வளர்ந்தேன். கடல் கடந்து, மூன்று நாடு தாண்டி வந்து, ஒரு சாதிப் பெயரை வாயால் சொல்லாமல் இப்படிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதற்காக உங்கள் பதினோரு வருடத்தை அழிக்கிறார்கள்.

நான் அதைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பத்து வயதில் என்னை உங்கள் கழகம் இருக்கும் கடற்கரை ஊருக்குக் கூட்டிப்போனீர்கள். பார்வையாளர் படிக்கட்டுக்குக் கீழே உங்கள் அறை. மூன்று மெசின், ஒரு நீள மேசை. ஜேர்சிகளை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டால்தான் இலக்கம் உரியாது என்றீர்கள். கதவில் தலை இடிக்காமல் குனிந்துகொண்டு ஒரு நெடிய மனிதர் வந்து, ஒரு காலுறையைக் காணவில்லை என்று சின்னப் பிள்ளை போல முறையிட்டார். அவர்தான் அணித் தலைவர். நீங்கள் அவரைப் பார்க்காமலே மேசைக்கடியைக் காட்டினீர்கள். அந்த அறையில் நீங்கள் யாருக்கும் பயப்படவில்லை.

பிறகு சிறுநீரகம் பழுதாகி லண்டனுக்கு எங்களிடம் வந்தீர்கள். அப்பா உங்களை நன்றாகப் பார்த்தார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் சனிக்கிழமைகள் எங்களுடையவை. காலையில் தமிழ்ப் பள்ளி, பின்னேரம் ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலடி. உங்கள் கையிலிருந்து குழாய்கள் இரத்தம் சுத்திகரிக்கும் மெசினுக்குப் போகும். "பதினொரு வருசம் நான் மெசினுக்க உடுப்புப் போட்டன். இப்ப மெசின் என்னைத் தோய்க்குது" என்பீர்கள். மூன்று மணிக்கு என் போனில் உங்கள் கழகத்தின் ஆட்டம் தொடங்கும். ஒரு காதுக்குழல் உங்களுக்கு, ஒன்று எனக்கு. கழகத்தின் வர்ணனையாளர் ஸ்கொட்லாந்து உச்சரிப்பில் பேசுவதில் பாதி எனக்கு விளங்காது. "இஞ்ச பிறந்த பிள்ளை, உனக்கு இங்கிலீசு விளங்காது. நான் சொல்லுறன் கேள்" என்று எனக்கு மொழிபெயர்ப்பீர்கள். டிசம்பரில் ஒரே ஒரு வெற்றி. இரண்டு பேரும் கத்தியதில் பக்கத்துக் கட்டில் ஐயா திடுக்கிட்டு எழும்ப, தாதி என்னை வெளியே அனுப்பினார்.

அந்த வெற்றி போதவில்லை. பத்துக் கழகங்களில் பத்தாவதாக முடித்தார்கள். பத்தாவது கழகம், கீழே உள்ள சின்ன லீக்குகளில் வென்று வரும் கழகத்துடன் இரண்டு ஆட்டம் ஆடவேண்டும், இரண்டிலும் போட்ட கோல்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். தோற்றால் தேசிய லீக்கிலிருந்தே வெளியே. முதல் ஆட்டம் ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். "இன்னும் தொண்ணூறு நிமிசம் கிடக்கு" என்றீர்கள். புதன்கிழமை போய்விட்டீர்கள்.

கழகத்துக்குச் செய்தி சொல்லி நான்தான் மின்னஞ்சல் அனுப்பினேன். சனிக்கிழமை எங்கள் வீட்டில் நீங்கள் படுத்த அறையில் இரண்டு காதுக்குழலையும் நானே போட்டுக்கொண்டு கேட்டேன். வர்ணனையாளர் உங்கள் பெயரை உடைத்து உடைத்துச் சொன்னார். பிறகு ஒரு சத்தமும் இல்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்துப் போனைத் தட்டினேன். அறவில்லை. காற்றும் கடற்பறவைகளும் மட்டும் கேட்டன. ஒரு நிமிடம் முழுக்க அந்த மைதானம் உங்களுக்காக எழும்பி நின்றது. பிறகு இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்றார்கள். லீக்கில் நிற்கிறார்கள், சித்தப்பா.

உங்கள் செத்தவீட்டுக்கு அந்த நெடிய அணித் தலைவர் இரவு முழுக்க பஸ்ஸில் வந்தார். அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்து, "உங்கள் தம்பி தோய்த்து மடித்துத் தந்த ஜேர்சியைப் போடும்போது, வீட்டிலிருந்து யாரோ அனுப்பிவிட்டது போல இருக்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பக்கத்தில் நின்ற அத்தை, "என்னவாம்?" என்று கேட்டார்.

"தம்பி நல்ல முகாமையாளராம்" என்றார் அப்பா.

உச்சரிப்பு விளங்காமல் சொன்னார் என்று நம்பத்தான் எனக்கு ஆசை. ஆனால் 'வோஷ்' என்ற சொல் எந்த உச்சரிப்பிலும் விளங்கும். முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள் நீங்கள் செய்த வேலையின் பெயரைச் சொல்லி எழும்பி நிற்கிறார்கள். கூடப் பிறந்தவர்கள் அதே வேலையை உங்களோடு சேர்த்து எரிக்கப் பார்க்கிறார்கள். நான் அந்த இடத்தில் நின்றேன். இரண்டு மொழியும் தெரிந்தவள் நான். ஒரு சொல் பேசவில்லை. உங்களுக்காக நான் இன்னும் சுமப்பது அந்தப் பேசாத சொல்லைத்தான்.

அதனால் இன்றிரவு, அப்பா சரிபார்த்து முடித்த பக்கத்தைத் திறந்தேன். முகாமையாளரை அழித்தேன். "பதினோரு வருடங்கள் ஸ்கொட்லாந்தில் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் உடுப்புகளைத் தோய்த்து, காயவைத்து, மடித்துக் கொடுத்தார். அக்கழகத்தினர் அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள்" என்று அடித்தேன். டூட்டிங்கில் இருக்கும் அச்சகக்கார அண்ணைக்கு அனுப்பியும்விட்டேன். அவர் இரவில்தான் மெசின் ஓட்டுகிறவர். விடிவதற்குள் அடித்துவிட்டால் பிறகு ஒருவராலும் மாற்ற ஏலாது.

அப்பாவின் அறையில் போன் அடிக்கிறது.

"ஓம், சொல்லுங்கோ தம்பி... எந்தப் பக்கம்? ... என்னெண்டு போட்டிருக்கு? வாசியுங்கோ."

அச்சகக்கார அண்ணை வாசிக்கிறார், அப்பா கேட்கிறார். "அடிக்காமல் வையுங்கோ, திரும்பி எடுக்கிறன்" என்கிறார். நடையில் விளக்குப் போடுகிறார்கள்.

சித்தப்பா, அப்பாதான் வருகிறார். மாற்றி அனுப்பு என்பார். மாட்டேன் என்பேன். ஏன் என்று கேட்டால் அத்தையையும் எழுப்பச் சொல்லி, அந்த அணித் தலைவர் சொன்னதை அப்படியே தமிழில்

கதவைத் தட்டுகிறார்